கோர்ஸ் ஆயிரம், கவரேஜ் ஒரு கோடு

பதுளை மாவட்டத்துக்குப் பல்கலைக்கழகம் பைக்குள் வந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தைச் சொல்லவில்லை. அது 2005இல் வந்தது, கட்டடமாகவே வந்தது. நான் சொல்வது 1980களில் நாவலையிலிருந்து தபாலில் வந்த திறந்த பல்கலைக்கழகத்தை. கொஸ்லந்தை தபால் கந்தோரில் இறங்கும். தோட்டத்துத் தப்பால் பைக்குள் ஏறும். மலையேறி ஆபீசுக்குப் போய், பெரிய கிளாக்கர் ஐயாவின் மேசையில் களைப்பாறும். அவருக்கு மனம் வந்த ஒரு காலையில் கணக்கப்பிள்ளையின் கைக்கு மாறி, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு என்னிடம் தரப்படும். மீரியபெத்தவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எங்கள் தோட்டம். பெயர் வேண்டாம். கிளாக்கர் ஐயாவின் பேரப்பிள்ளைகள் நல்லவர்கள்.

லயக் காம்பராவுக்கு முகவரி கிடையாது. இன்னார், இன்ன டிவிஷன், இன்ன தோட்டம், அவ்வளவுதான். ஆகவே கடிதம் எதுவானாலும் முதலில் தோட்டத்துக்கு வரும், அப்புறம்தான் ஆளுக்கு வரும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், நேர்முகப் பரீட்சைக் கடிதம் என்று நாள் கடந்து கைக்குக் கிடைத்த கதை மலையகத்தில் தோட்டத்துக்கு ஒன்றாவது இருக்கும். தொலைக்கல்வியில் தொலைவு என்பது நாவலைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையில் கிடக்கிறது என்று பல்கலைக்கழகத்தார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பகுதித் தொலைவு ஆபீசுக்கும் லயத்துக்கும் இடையில் கிடந்தது. என் ஒப்படைகளின் கடைசித் திகதிகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

எந்தக் கற்கைநெறியை எடுப்பது என்று அந்தக் காலத்தில் யாரும் தலையைப் பிய்த்துக்கொண்டதில்லை. வீரகேசரியில் விளம்பரம் வந்தால் அதுதான் கற்கைநெறி. உயர்தரம் முடித்து, தோட்டப் பாடசாலையில் வாத்தியார் நியமனமும் வாங்கிவிட்டவனுக்கு முன்னால் கதவுகள் அதிகமில்லை. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ வெளிவாரிப் பட்டத்துக்குப் பதியலாம். நாவலைக்கு எழுதிப் போடலாம். கடலுக்கு அப்பால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியிருந்தது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போன பெரியம்மா மகன் கோத்தகிரியிலிருந்து எழுதினான்: "அண்ணே, இங்க தபால்லயே எம்.ஏ. வரைக்கும் குடுக்குறாங்க, நீயும் சேரு." அதற்குப் பணம் எப்படி அனுப்புவது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தக் கதவு அத்தோடு சாத்திக்கொண்டது.

நான் எடுத்தது ஆங்கிலம். ஏன் என்று கேட்டால், விளம்பரத்தில் அது மேலே இருந்தது, கட்டணமும் சம்பளத்துக்குள் அடங்கியது. வாழ்க்கைத் தொழில் வழிகாட்டல் என்று இப்போது கருத்தரங்கு வைத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கட்டணச் சீட்டே செய்து முடித்தது.

தபாலில் படிப்பது கேவலம் என்று நினைத்தவர்கள் உண்டு. நினைத்தவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. லண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே வெளியூர்க்காரர்களுக்குப் பரீட்சையைத் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியில் கோட்டும் டையும் கட்டிப் படித்த பெருமக்கள், 1942இல் இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வரும்வரை எழுதியது அந்த லண்டன் தாளைத்தான். நெல்சன் மண்டேலா ரொபன் தீவுச் சிறையிலிருந்தபடி சட்டம் படித்ததும் அதே லண்டனில்தான். சிறை அறையும் நம்ம காம்பராவும் ஏறக்குறைய ஒரே அளவுதானே என்று எங்கள் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருத்தர் உருக்கமாகச் சொன்னார். "மண்டேலா தனியா இருந்தார் ஐயா, நம்ம காம்பராவுல ஏழு பேரு" என்றார் பின்வரிசையில் ஒருத்தர்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் பாட்டி, நடுவில் குப்பி விளக்கு, அதற்கு முன்னால் நானும் நாவலையின் பாடத் தொகுதியும். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் எந்தச் சண்டை நடந்தாலும் அதுவும் என் பாடத்திட்டத்தில் சேர்ந்துகொள்ளும். மாதத்தில் ஒரு வார இறுதியில் பதுளையில் பகல் வகுப்பு. பூனாகலை வழியாகப் பண்டாரவளைக்கு பஸ், அங்கிருந்து தெமோதரை வளையத்தைச் சுற்றிக்கொண்டு போகும் ரயில். வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பாடத் தொகுதியை வாசித்து முடித்துவிடலாம். முடித்துமிருக்கிறேன். அப்பாவுக்கு மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. "வாத்தியார் வேல கெடச்சப் பொறகும் என்னத்துக்குடா படிக்கிற? வேலைக்குத்தானே படிப்பு?" நியாயமான கேள்வி. உலகம் முழுக்க இன்று நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்து அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இப்போது என் தங்கச்சி மகள். உயர்தரம் கலைப்பிரிவில் நல்ல சித்தி. இசட் புள்ளியில் மயிரிழையில் தவறியவள். தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் உதவிக்கு நிற்கிறாள். நாங்கள் பிள்ளை மடுவம் என்போம். பெயர் வளர்ந்திருக்கிறது, தொட்டில் அதேதான். ஒரு மாலையில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு கோர்ஸ் படிக்கலாம்னு இருக்கேன்."

"நல்லதுதான் புள்ள. என்ன கோர்ஸ்?"

"அதத்தான் மாமா ஒங்கக்கிட்ட கேக்க வந்தேன்."

போனை நீட்டினாள். 2012இல் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர்கள் இரண்டு பேர் கோர்செரா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ஹார்வார்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து எட்எக்ஸ் தொடங்கின. உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் இனி ஏழையின் வீட்டு வாசலில் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. எங்கள் வாசலுக்கு அவை வந்து சேர்ந்தபோது கோவிட்டும் கூடவே வந்திருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் தொடங்கிய ஒரு பாடம், எப்படிக் கற்பது என்பதைக் கற்றுத் தந்தது. யேல் பல்கலைக்கழகம் மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி என்று சொல்லித் தந்தது, அதுவும் இலவசமாக. இதை அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது தங்கச்சி மலையிலிருந்து வந்து, கூடையை இஸ்தோப்பில் இறக்கிவைத்தாள். "சந்தோசமா இருக்கறதுக்குப் பாடமா? அட்டை கடிக்காம இருந்தா போதாதா?" என்று கேட்டுவிட்டுக் காலில் சுண்ணாம்பு தடவப் போய்விட்டாள். யேல் பல்கலைக்கழகத்தின் பாடத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் விமர்சித்ததில்லை.

பார்ப்பது அப்போது இலவசம், சான்றிதழ் இலவசமில்லை. மாதம் 49 டொலர் என்றது ஒரு கற்கைநெறி. 2022இல் டொலர் 360 ரூபாவைத் தாண்டி நின்றபோது அது பதினேழாயிரத்துச் சொச்சம். தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா, அதுவும் நிர்ணயித்த கிலோ எடுத்தால். ஆக, தங்கச்சி பதினேழு பதினெட்டு நாள் பேர் போட்டுக் கொழுந்தெடுத்தால் மகளுக்கு ஒரு மாதப் படிப்பு. மிச்ச நாள் சம்பளத்தில் குடும்பம் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஏழைகளுக்கு உதவித்தொகை உண்டு என்றும் போட்டிருந்தது உண்மைதான். அதற்கு, நீ ஏன் ஏழை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவுப் படிவமும் அப்படியே. வீட்டு இலக்கம், வீதி, நகரம் என்று நட்சத்திரக் குறி போட்டுக் கேட்டது. காம்பராவுக்கு வீதி ஏது? கிளாக்கர் ஐயா போய்விட்டார், அவருடைய மேசை அமெரிக்காவுக்குக் குடியேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்நாட்டிலும் நல்ல சரக்கு இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் மென்பொருள் எழுதக் கற்றுத்தரும் ஆறு பாடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பொறியியற் பீடத்துக்குள் நுழைய இந்த நாட்டுப் பிள்ளைகள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு, அதே பல்கலைக்கழகம் கதவைத் திறந்து "வாங்க" என்பதன் பெறுமதி விளங்கும். அதில் ஒரு பாடம் பைத்தன். "பைத்தன்னா மலைப்பாம்பு மாமா" என்று சிரித்தாள். அவளுடைய அப்பா நிமிர்ந்து, "மலைக்குள்ள இருக்கிற பாம்பு பத்தாதா?" என்றார். பாம்பு பயமில்லை. மொழிதான் பயம். உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்த பிள்ளைக்கு, கணினி மொழிக்கு முன்னால் ஆங்கிலம் என்ற மொழி குறுக்கே படுத்திருக்கிறது. 1980களில் நான் எடுத்த கற்கைநெறி தற்செயலாகச் சரியானதாக இருந்திருக்கிறது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

சேர்கிறவர்கள் எத்தனை பேர் முடிக்கிறார்கள்? இதற்கு நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. ஹார்வார்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய கற்கைநெறிகளை ஆய்வாளர்கள் அலசி 2019இல் சயன்ஸ் சஞ்சிகையில் எழுதினார்கள். 2017-18இல் பதிந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 வீதம். பதிந்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நூறு பேர் மலைக்குப் போய் மூன்று பேர் மட்டும் கொழுந்தோடு மடுவத்துக்குத் திரும்பினால் கங்காணியின் வேலை போய்விடும். இணையத்தில் அதற்குப் புரட்சி என்று பெயர். அந்தத் தொண்ணூற்றேழு பேரும் சோம்பேறிகள் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிவு செய்வதிலேயே களைத்துப்போனவர்கள் அதில் பாதிப்பேராவது இருப்பார்கள். எனக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. எடுத்த ஒன்றை முடித்தேன், வேறு இல்லாததால்.

கவரேஜ் கதையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021இல் லுணுகலைப் பக்கம் பெற்றோர் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டுபோய், மலை உச்சியில் மரத்தின் மேல் முப்பதடி உயரத்தில் இருந்த பரணில் உட்காரவைத்துப் படிப்பித்த செய்தி உலகப் பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. அன்று பாட்டன் காட்டில் பரண் கட்டியது யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்க. பேரன் ஏறியது சூமுக்கு. எங்கள் டிவிஷனில் கோயில் மேட்டில் நின்றால் ஒரு கோடு காட்டும். மழை பெய்தால் அதுவும் உள்ளே போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. அட்டலில் கிடந்த குப்பி விளக்கை இறக்கித் துடைத்தேன். மண்ணெண்ணெய் வாங்கப் போனால் வரிசை. ஓகஸ்டில் அதன் விலையும் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. ஹார்வார்ட் பாடத்தைக் குப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும் பாக்கியம் எங்கள் பகுதிக்கு வாய்த்தது.

இதற்கெல்லாம் முன்னால், 2014இல் இரண்டு காரியம் நடந்தது. கிராமங்களுக்குக் கணினியும் இணையமும் கொண்டுபோன நெனசல நிலையங்களுக்காக, இலங்கைக்கு பில் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருது கிடைத்தது. ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை ஏழரை மணி போல மீரியபெத்தவில் மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை எழுப்புங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது பிறகு வெளியே வந்தது. சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை என்றது ஒரு தரப்பு. போவதற்கு இடம் எங்கே காட்டினீர்கள் என்றது மறு தரப்பு. தொலைவிலிருந்து ஒரு பாடம் புறப்பட்டு வந்திருக்கிறது. வரவேண்டிய காம்பராவுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

அன்று காலை பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். படிப்பு காப்பாற்றும் என்று பரிசளிப்பு விழாக்களில் நானும் பேசியிருக்கிறேன். இனி எங்கள் பக்கத்து மேடையில் அந்த வசனத்தைப் பேச எனக்கு வாய் வராது. திரும்பி வந்த சில பிள்ளைகளுக்கு வீடும் இருக்கவில்லை, பெற்றவர்களும் இருக்கவில்லை. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளே முகாம்கள் ஆயின. மக்கல்தெனியவில் 75 புது வீடுகள் கையளிக்கப்பட்டபோது 2016 ஒக்டோபர் ஆகியிருந்தது.

மண்ணுக்குள் போனவற்றில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓஎல் பெறுபேறு எல்லாம் அடங்கும். பிழைத்தவர்கள் முதலில் கந்தோர் கந்தோராகப் போய்த் தாங்கள் இன்னார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இணையச் சான்றிதழை நான் எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் இந்த ஓர் இடத்தில் அதற்குப் புள்ளி போடத்தான் வேண்டும். அதை எந்த மலையும் இறங்கி மூடாது. கடவுச்சொல்லை மறக்காதவரை.

மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்து அவளுடைய விரல் ஓய்ந்த பிறகு நான் கேட்டேன்: "நீ எழுதுறத யாரு புள்ள வாசிச்சுப் பாப்பாங்க?" அவள் தேடினாள். ஒன்றில் கணினியே திருத்துமாம். இன்னொன்றில் கூடப் படிக்கிறவர்களே ஒருவர் தாளை ஒருவர் திருத்துவார்களாம். வர்த்தமானியில் ஒரு வேலை வந்தால் நேர்முகத்தில் இந்தச் சான்றிதழுக்குப் புள்ளி உண்டா என்று கேட்டேன். அதற்கு எந்தப் பக்கத்திலும் பதில் இல்லை. நான் பார்த்தவரையில் தோட்டத்துப் பிள்ளைக்குக் கோர்ஸ் தேர்வு இந்த இரண்டு கேள்வியில் முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மூன்றாவதுதான். ஹார்வார்ட் என்று சுயவிவரத்தில் போட்டுக்கொண்டு பண்டாரவளைக் கடையில் பில் போடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சும்மா கிடைத்தது, எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் அவள் எடுத்தது முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ். தமிழில் நடக்கிறது, பதுளையில் நிலையம் இருக்கிறது, அவள் நாள் முழுக்கச் செய்யும் வேலையோடும் ஒட்டிக்கொள்கிறது. நடத்துவது யார் என்று கேட்கிறீர்களா? திறந்த பல்கலைக்கழகம், நாவலை. உலகத்தைச் சுற்றிவிட்டு எங்கள் குடும்பம் பழைய வாசலுக்கே வந்து நின்றது. விண்ணப்பத்தைப் போனிலேயே அனுப்பினாள். இரவில் கவரேஜ் இருக்கும் நாட்களில் மொறட்டுவையின் இணையத்தள வடிவமைப்புப் பாடத்தையும் பார்க்கிறாள், சான்றிதழுக்காக இல்லை, ஆசைக்காக. "அத முடிப்பியா?" என்று கேட்டேன். "பாப்போம் மாமா" என்றாள். மூன்று வீதத்துக்குள் வந்தாலும் வருவாள். கெட்டிக்காரி.

இதை வாசிக்கிறவர்களில் கொழும்பிலோ டொரொன்டோவிலோ இருந்துகொண்டு, தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு "இது நல்ல கோர்ஸ், படி" என்று லிங்க் அனுப்புகிறவர்கள் இருப்பீர்கள். நல்ல மனசு, குறை சொல்லவில்லை. லிங்க்கோடு ஒரு மாத டேட்டாவையும் ரீலோட் பண்ணி விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் ஒதுக்கி, அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய ஒப்படையை வாங்கி வாசித்து, பிழை எங்கே என்று சொல்லிக் கொடுங்கள்.